கூரைக்கு மேல் கல், கூரைக்குக் கீழே காற்று

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு மூன்று பேர் ஏறி வந்ததைப் பார்த்து யார் பேசப்போகிறார்கள் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. மூவரும்தான். ஒருத்தி கட்டடப் பொறியியலாளர், ஒருத்தி கணிதம் படிப்பிக்கிறாள், ஒருத்தி தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் இருக்கிறாள். செய்த வேலை மூவரும் சேர்ந்து செய்தது. அதனால் "நாங்கள்" என்றே சொல்கிறோம். பிழை விட்டதும் நாங்கள்தான், அதையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

"பெண்களும் தொழில்நுட்பமும்" என்று பேசச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் தலைப்பில் நிறையப் பேர் நன்றாகப் பேசிவிட்டார்கள். நாங்கள் ஒரு கூரையைப் பற்றிப் பேசுகிறோம். பட்டிப்பொலப் பக்கத்தில் ஒரு லயத்துக் கூரை.

எங்களில் ஒருத்தி அங்கிருந்து விடியற்காலை ரயிலேறி இந்தப் பாடசாலைக்கு வந்து படித்தவள். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. அதற்கும் ஒஹியவுக்கும் இடையில்தான் இந்த நாட்டு ரயில்பாதையின் உச்சி. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் வெயில் அடிக்கும். ஊவாவுக்கும் எங்களுக்கும் அவ்வளவு வித்தியாசம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மேட்டில் ஏறித்தான் போகவேண்டும். ஏறும்போது வேகம் பிடிக்கும். அம்பேவெலப் புல்வெளியில் காற்றாலைகள் சுற்றுவதை ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். காற்றில்லாத இடத்தில் காசு போட்டு அதை யாரும் நட்டிருக்கமாட்டார்கள்.

அந்தக் காற்றில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. கூரைமேல் கல், பழைய டயர், மண் நிரப்பிய உரப்பை, உடைந்த இரும்புச் சட்டி எல்லாம் இருக்கும். தகரம் பறக்காமல் இருக்க வைத்தது. 2022 ஆனியில் ஓர் இரவு எங்கள் தோழியின் அம்மா வீட்டு முன்பக்கத் தகரம் ஒன்று கல்லோடு சேர்ந்து கிளம்பிப் போய் லீக்ஸ் பாத்தியில் விழுந்தது. கல் அங்கே போகவில்லை. இஸ்தோப்பில், பக்கத்து வீட்டுப் பிள்ளை வழக்கமாக உட்கார்ந்து எழுதும் இடத்தில் விழுந்தது. இரவு என்பதால் பிள்ளை அங்கே இல்லை.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தகரத்தின் விலை முந்திய வருடத்தின் விலை இல்லை. எல்லாத் தகரத்தையும் மாற்றக் காசில்லை. இருக்கிற காசுக்கு எந்த இடத்தை இறுக்கினால் கூரை நிற்கும்? கேள்வி இவ்வளவுதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் நாங்கள் சிமியுலேஷனுக்கு வந்தோம்.

சிமியுலேஷன் என்றால் ஒத்திகை. பாடசாலை நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்போமே, அதே மாதிரி காற்றை ஒருமுறை கணினிக்குள் அடிக்கவிட்டுப் பார்ப்பது. வீட்டை வரைந்து, வீட்டைச் சுற்றியிருக்கும் வெளியை இலட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாகக் கணினி வெட்டும். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியிடம் கேட்கும்: உன்னிடமிருந்து எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு அழுத்தம்? பதில் வந்ததும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். எல்லாப் பெட்டிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை இப்படியே ஆயிரம், இரண்டாயிரம் தடவை கேட்கும். வரிசையில் நின்று காதுக்குள் செய்தி சொல்லி அனுப்பும் விளையாட்டு ஞாபகமிருக்கிறதா? அதில் செய்தி கடைசியில் குழம்பிப்போகும். இதில், சரியாகச் செய்தால், தெளிந்துகொண்டே போகும்.

இந்தக் கணக்கை ஒரு மனிதன் கையால் செய்து முடிக்க ஆயுள் போதாது. கணினிக்கும் இலேசில்லை. அமெரிக்காவில் ஜோன் சுவான்சன் என்ற பொறியியலாளர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இப்படிப்பட்ட கணக்குக்குப் பொதுவான ஒரு மென்பொருள் வேண்டும் என்று அங்கே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு 1970இல் தன் பண்ணை வீட்டிலிருந்தே நிறுவனம் தொடங்கினார். இன்று உலகமெல்லாம் பாவிக்கும் ஆன்சிஸ் அங்கே பிறந்தது. அவரிடம் சொந்தக் கணினி இருக்கவில்லை. துளையட்டையில் எழுதி, மணித்தியால வாடகைக்கு எடுத்த பெரிய கணினியில் ஓட்டினார். அந்த "மணித்தியால வாடகை"யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பல வருடங்கள், பெரிய கணினி வாங்கி அனுமதிப்பத்திரத்துக்கும் பணம் கட்டக்கூடிய அலுவலகங்களுக்கே இந்த வேலை என்றாகிவிட்டது. இப்போது திரும்பவும் வாடகைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் கிளவுட் என்கிறார்கள்.

தமிழில் முகில் என்கிறோம். பட்டிப்பொலவில் முகில் கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், உடுப்புக் காயாது. இது அந்த முகில் இல்லை. எங்கேயோ தூரத்தில், பெரிய மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும் கணினிகள். நம் மடிக்கணினி வெறும் ஜன்னல்தான். ஜன்னல் வழியாகச் சொல்கிறோம், அங்கே வேலை நடக்கிறது.

நாங்கள் பாவித்தது சிம்ஸ்கேல். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியே வந்த ஐந்து பேர் 2012இல் தொடங்கியது. உள்ளே கணக்குப் போடும் எஞ்சின் பெரும்பாலும் திறந்த மென்பொருள்தான். காற்றுக்கு ஓப்பன்ஃபோம், அது இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வளர்ந்தது. தாங்குபலத்துக்கு கோட் அஸ்டர், அது பிரான்ஸ் மின்சாரச் சபை தன் மின்நிலையங்களுக்காக எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஆக, எங்கள் லயத்துக் கூரையின் கணக்கைப் போட்டதில் பிரான்சின் மின்நிலையங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். அந்த நேரம் வேறு வழியும் இல்லை. டொலரில் காசு கட்ட எங்கள் மூவரின் அட்டைகளும் உதவவில்லை. இலவசக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு: நாம் செய்யும் வேலை எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கும். முதலில் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு தோழியின் அம்மா கேட்டார், "எங்க வீட்டுக்குள்ள எத்தன அடின்னு ஊரெல்லாம் பாக்குமா?" சரியான கேள்வி. தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம், யாருடைய வீடு எதையும் எழுதவில்லை. அடுப்பங்கரையையும் உள்ளறையையும் ஒரே அறையாக வரைந்தோம். எங்கோ ஒரு மலையில் ஒரு கூரை என்று மட்டும் தெரியும்.

வீட்டை அளந்தது தையற்காரியின் அளவுநாடாவால். சிக்னலுக்கு ரயில் பாதைக்கு மேலே இருக்கும் மேட்டுக்கு ஏறவேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு கையடக்கத் தொலைபேசியின் டேட்டாவில் கோப்பை ஏற்றினோம். அப்போது மின்வெட்டுக் காலம். அந்த வருடம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். கிளவுடின் அருமை அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஓட்டத்தைத் தொடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் இருட்டு. மடிக்கணினியில் பற்றரி செத்துவிட்டது. குப்பி விளக்கில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் மேட்டுக்கு ஏறிப் பார்த்தால் கணக்கு முடிந்து காத்திருந்தது. எங்கள் மின்சாரம் போனது அந்தக் கணினிக்குத் தெரியவே தெரியாது.

முதல் படம் வந்தபோது சந்தோஷத்தில் சத்தம் போட்டோம். கூரை முழுக்க நிறம். அழுத்தம் எங்கே, இழுவை எங்கே என்று சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. லயத்தின் கோடிப்புறத்தில், சுவர் ஓரத்துத் தகரங்களில்தான் இழுவை கூட. பொறியியல் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது: ஓரத்திலும் மூலையிலும் காற்று அதிகமாகத் தூக்கும். புத்தகமும் கணினியும் ஒத்துப்போன பிறகு என்ன சந்தேகம்? கோடிவீட்டுக்கு எத்தனை திருகாணி என்று பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டோம்.

தோழியின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கு புள்ள, சேலை மாதிரி. ஆனா அந்தத் தகரம் எந்தக் காலத்துல போயிருக்கு? நான் கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து இந்த லயத்துல போறது இஸ்தோப்புக்கு மேல இருக்கறதுதான். மூணாங் காம்பராவும் நாலாங் காம்பராவும்."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

முப்பது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர் சொல்கிறார். ஒரு வாரம் படம் பார்த்த நாங்கள் வேறு சொல்கிறோம். இதில் எது பிழையாக இருக்கும்? அன்று இரவு நாங்கள் கணினிக்கு என்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தோம். வீட்டை ஒரு பெட்டியாக, தீப்பெட்டி மாதிரி, நாலு பக்கமும் மூடி வரைந்திருந்தோம். இஸ்தோப்பு திறந்த இடம் என்பதே அதில் இல்லை. நிலத்தைத் தட்டையாக வைத்திருந்தோம். பட்டிப்பொலவில் தட்டையான நிலம் ரயில் மேடை ஒன்றுதான். லயத்துக்கு முன்னால் சரிவு, பின்னால் வெட்டிய மண்சுவர். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? அந்தச் சரிவில் சறுக்கி விழுந்து வளர்ந்தவள் எங்களில் ஒருத்தி. ஆனாலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் புத்தகத்தில் இருக்கும் வீட்டைத்தான் வரைந்தோம்.

மறுபடி அளக்கப் போனோம். இந்தமுறை வீட்டை மட்டுமில்லை. அடுத்த வீட்டுப் பெரியம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய், எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது, கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் பறக்கும், எந்த மூலையில் குப்பை சேரும் என்று காட்டினார். எல்லாம் ஒரே கதையைச் சொன்னது. காற்று பள்ளத்திலிருந்து சரிவோடு ஏறி வருகிறது. லயத்தின் முன்சுவரில் மோதுகிறது. மேலே போக இஸ்தோப்புக் கூரை விடாது, பின்னால் போகச் சுவர் விடாது. அங்கேயே மாட்டிக்கொண்டு தகரத்தைக் கீழிருந்து தள்ளுகிறது. அதே நேரம் கூரைக்கு மேலால் ஓடும் காற்று மேலிருந்து இழுக்கிறது. கீழே தள்ளு, மேலே இழுப்பு, இரண்டும் ஒரே தகரத்தில்.

இதை வரைந்து ஓட்டப் போனால் கணினி ஒத்துழைக்கவில்லை. குற்றம் எங்களுடையதுதான். தகரத்தின் கனத்தை உள்ளபடியே, அரை மில்லிமீற்றராக வரைந்துவிட்டோம். அந்த மெல்லிய இடத்தில் பெட்டிகள் நசுங்கி, கணக்கு ஒத்துப்போகாமல் எண்கள் பெருகிப் பெருகி வெடித்துவிட்டன. இப்படி மூன்று ஓட்டம் வீண். இலவசமாகக் கிடைத்த நேரமும் அதோடு கரைந்தது. வாடகைக் கணினியில் இது ஒரு பாடம்: பிழையான கேள்விக்கும் மீற்றர் ஓடும். நாலாவது தடவை தகரத்தைக் கனமாக வரைந்தோம், சரிவையும் மண்சுவரையும் சேர்த்தோம், அறுபது இலட்சம் பெட்டி. எங்கள் மடிக்கணினியில் நினைவகம் 4 ஜிபி. அதில் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது. அங்கே ஓர் இரவில் முடிந்தது.

படத்தில் சிவப்பு இப்போது இஸ்தோப்புக்கு மேலே இருந்தது. மூன்றாம், நாலாம் காம்பராக்களுக்கு நேராக. ஏன் அங்கே என்றால், அவற்றுக்கு முன்னால் சரிவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, காற்று அதில் கூடி வருகிறது. அம்மாவிடம் காட்டினோம். "அதத்தானே நான் சொன்னேன்" என்றார். கணினிக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

ஆனால் எங்களுக்கு அதில் ஒரு புதுச் செய்தி இருந்தது. எந்தத் தகரம் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு விசையில் போகும் என்று தெரியாது. அந்த எண் இல்லாமல் எத்தனை திருகாணி என்று சொல்லமுடியாது.

அந்த எண்ணைக் கையாலும் போட்டுப் பார்த்தோம். தங்கைமாரே, சாதாரண தரக் கணிதம் போதும், பயப்படாதீர்கள். காற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். எங்கள் உயரத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசு. கடும் நாளுக்கு வினாடிக்கு 25 மீற்றர், அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர் என்று வைத்தோம். அழுத்தம் 300 பஸ்காலுக்குச் சற்று மேல். கீழ்த் தள்ளையும் மேல் இழுப்பையும் சேர்த்தால் எங்கள் படத்தில் அதன் 1.7 மடங்கு வந்தது. சதுர மீற்றருக்கு 50 கிலோவுக்கு மேல் தூக்குகிறது. அதே பரப்பில் தகரத்தின் சொந்த எடை 4 கிலோ அளவுதான். பத்தடித் தகரத்தில் இஸ்தோப்புக்கு மேலே நிற்கும் பாதி ஒரு சதுர மீற்றருக்குச் சற்று மேல். அதில் அம்மா வைத்திருந்தது பத்துக் கிலோ மதிக்கத்தக்க இரண்டு கல். கல்லால் பிடிப்பதென்றால் ஐந்தாறு கல் வேண்டும். அதை அந்தப் பழைய ரீப்பை தாங்காது.

இன்னொன்று. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் தூக்கு விசை ஐந்தில் ஒரு பங்கு கூடாது, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். வர்க்கத்தின் விளையாட்டு அது. மேட்டில் ஏறும் காற்று வேகம் பிடிப்பதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்று இப்போது விளங்கும். 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட பிறகு, 1980இல், கடுங்காற்றுக்குக் கட்டடம் அமைக்க அரசாங்கம் ஒரு கைநூல் வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயமாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயம். மலைநாடு காற்றுக் குறைந்த மூன்றாம் வலயம். சூறாவளியை நினைத்துப் போட்ட வரைபடம் அது, அந்த அளவில் நியாயம்தான். குன்றில் நிற்கும் கட்டடத்துக்கு வேகத்தைக் கூட்டிப் போட அந்தக் காலக் கணக்கு முறையிலும் இடமுண்டு. ஆனால் லயத்துக்கு யார் கணக்குப் போட்டார்கள்? லயம் கட்டிய காலத்தில் அந்தக் கைநூலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

படம் கையில் வந்துவிட்டது என்று வேலை முடியவில்லை. ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினோம். கணினி சொல்லாத இரண்டு விடயங்கள் அங்கே இருந்தன. திருப்புளியால் குத்தினால் ரீப்பை பாண் மாதிரி உள்ளே போனது. உளுத்த மரத்தில் எத்தனை திருகாணி போட்டும் பயனில்லை. இரண்டாவது, தகரத்தில் ஆணித்துளையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்பு. துரு இல்லை, வெடிப்பு. 1974 நத்தார் நாளில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி சூறாவளி அடித்தபோது ஆயிரக்கணக்கான வீட்டுக் கூரைகள் போயின. பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது இதைத்தான். ஒரே அடியில் பிய்ந்து போனதில்லை. காற்று அடித்து அடங்கி, அடித்து அடங்கி, கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிகிற மாதிரி, ஆணியைச் சுற்றித் தகரம் களைத்து வெடித்திருக்கிறது. எங்கள் சிமியுலேஷன் சொன்னது சராசரிக் காற்றை. அடித்து அடங்கும் காற்றை அது பார்க்கவில்லை. அதனால் வந்த எண்ணை அப்படியே எடுக்காமல் இரட்டித்துத்தான் திருகாணிக் கணக்குப் போட்டோம்.

செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள், அவ்வளவு சாதாரணம். முன்பக்கத்து இரண்டு ரீப்பைகளை மட்டும் மாற்றினோம். அந்த இரண்டிலும் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும், றப்பர் வொஷரோடு திருகாணி. முன்பு மூன்று மேட்டுக்கு ஒன்றுதான் இருந்தது. ரீப்பையைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கீழே இழுத்துக் கட்டினோம். தகரத்தை ரீப்பை பிடிக்கும், ரீப்பையை யார் பிடிப்பது? அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். கூரையின் மற்றப் பகுதியைத் தொடவில்லை. கற்களை இறக்கிவிட்டோம். அம்மா இரண்டு கல்லை மட்டும் விடவில்லை. பழக்கம்.

கதவைப் பற்றியும் ஓர் ஓட்டம் பார்த்தோம். முன்கதவு திறந்திருந்து பின்னால் காற்றுப் போக வழியில்லாவிட்டால், உள்ளே நுழையும் காற்று அறை முழுவதும் சேர்ந்து கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. லயத்துக் காம்பராவில் பின்ஜன்னல் எத்தனை பேருக்கு இருக்கிறது? "காத்து எடுத்தா மொதல்ல முன்கதவ அடை" என்று எங்கள் பாட்டிமார் கத்துவது குளிருக்காக என்று நினைத்திருந்தோம். கூரைக்காகவும்தான்.

அனுமதி எடுத்த கதையும் இருக்கிறது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதில் ஒரு ஆணி அடிக்கவும் கேட்கவேண்டும். கூரை பறந்த அன்று மட்டும் அது எங்களுடைய கூரை. கடிதம் எழுதி, திரும்ப எழுதி, நேரில் போய், பல மாதம் போனது. கடைசியில் நிற வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தோம். அதுவரை எங்களை உட்காரச் சொல்லாதவர்கள் உட்காரச் சொன்னார்கள். வாயால் சொன்னால் முறைப்பாடு, படத்தில் காட்டினால் அறிக்கை. எங்களுக்கு அதில் சந்தோஷத்தைவிட வருத்தம் கூட. அம்மா முப்பது வருடம் சொன்னதும் இதேதான்.

எங்கள் வகுப்புத் தோழியர் காசு சேர்த்துத் தந்தார்கள். ஆறு வீடு செய்தோம். அடுத்த ஆடிக் காற்றில் ஆறு வீட்டிலும் முன்பக்கத் தகரம் ஒன்றும் அசையவில்லை. ஆனால் ஒரு வீட்டில் முகட்டுத் தகரம் போய்விட்டது. முகட்டை நாங்கள் வரையவே இல்லை. இரண்டு சாய்வும் சேரும் இடத்தை ஒரு கோடாக விட்டிருந்தோம். கோட்டில் தகரம் இல்லை, தகரம் இல்லாத இடத்தில் கணினிக்கு இழுவையும் இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள்தான் முகட்டைப் போட்டுக் கொடுத்தோம், எங்கள் செலவில். அதற்குப் பிறகு முகட்டையும் வரைகிறோம்.

தங்கைமாரே, எங்கள் காலத்தில் உயர்தரக் கணிதப் பிரிவில் எங்கள் வகுப்பில் நாலு பேர்தான் இருந்தோம். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்று கேட்டவர்கள் வெளியே மட்டும் இருக்கவில்லை, வீட்டிலும் இருந்தார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் இங்கே நிற்கிறோம். நாலாவது தோழி படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். ஆறு வீட்டுக்கும் முதலில் காசு அனுப்பியது அவள்தான். கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. அவளையும் மேடைக்குக் கூப்பிட்டோம், விடுமுறை கிடைக்கவில்லை.

போன தவணையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வந்தோம். பாடசாலைக் கணினி அறையில் பழைய கணினிகள்தான். அது பரவாயில்லை, ஜன்னல் பழையதாக இருந்தாலும் வெளியே பார்க்கலாம். மாணவர் கணக்கு இலவசம். கூரைக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள், "அக்கா, கூரை வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான். புகை தினமும். அடுப்புப் புகையைப் பாத்தீங்களா?" அந்தக் கேள்வி எங்களுக்கு முப்பது வருடம் தோன்றவில்லை. அந்தப் புகையில்தான் நாங்களும் இருமி இருமிப் படித்தோம்.

புகை காற்றைவிடக் கஷ்டமான கணக்கு. சூட்டையும் சேர்க்கவேண்டும். புகைபோக்கிக்கு எவ்வளவு உயரம், மேல் காற்று அதைத் திரும்பக் கீழே தள்ளுகிறதா, பின்சுவரில் எங்கே ஒரு துளை போட்டால் போதும், துளை போட்டால் கூரைக்கு என்ன ஆகும் என்று எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. முதல் இரண்டு ஓட்டமும் பிழைத்துவிட்டன. மூன்றாவதைப் பிள்ளைகளே வரைகிறார்கள். இந்த முறை வரையத் தொடங்கும் முன்னமே வீட்டில் அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்: புகை முதலில் எந்த மூலையில் கறுக்கிறது, எந்த மாதத்தில் கூட, கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் போகிறது.

அடுத்த சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினி அறையில் கூடுகிறோம். எந்தப் பிரிவு படித்தாலும் வரலாம். அக்காமாரும் வரலாம், அம்மாமாரும் வரலாம். அளவுநாடா இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.